மகாவுக்கு முடி வந்தாச்சாம்

செல்வி: ...அப்ப, மாமன் மடி இல்லாமலே எம்புள்ளைக்கு மொட்டை போடச் சொல்லுத. அப்படித்தானே அண்ணே?

ராஜா: ஏட்டி, நான் எங்க அப்படிச் சொன்னேன்? பங்குனி உத்திரத்துக்கு லீவு கிடைக்காதுன்னுதானே சொன்னேன். நான் போயி சாஸ்தா கோயில்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டா, இங்க படகுக்கெல்லாம் யாரு ஐஸ் உடைச்சுக் குடுப்பா?

செல்வி: ஆமா, நீ ஒரு நாள் இல்லன்னா அரபிக்கடல்ல உள்ள மீனெல்லாம் அழுகிப் போயிரும்.

ராஜா: கிண்டலு...

செல்வி: பெறவு? உள்ள வரும்போதே மேனேஜர் சேட்டன்கிட்ட கேட்டுட்டேன். "ராஜாவா? அவன் லீவே எடுக்க மாட்டான் மோளே, ஒரு வாரம் கூட்டிட்டுப் போ"ன்னுட்டாரு.

ராஜா: அவருகிட்ட எதுக்குட்டி கேட்ட?

செல்வி: நீ பொய் சொல்லுவன்னு தெரியும். அதான்.

ராஜா: லீவு மட்டுமா... பங்குனி வெயிலு. செம்மணல் தேரிக்காட்டுக்கு நடுவுல கோயிலு. எனக்குத்தான் வேர்க்கவே வேர்க்காதே, உனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் வெயில்ல நின்னா மண்டைக்குள்ள அடுப்பு எரியும். அதுக்குப் பயந்துதானே இந்த ஐஸ் பிளாண்ட்டுல வந்து ஒளிஞ்சு கிடக்கேன்.

செல்வி: கோயில் பக்கத்துலயே பம்புசெட் இருக்கு. உன்னை நனைச்சு நனைச்சு உக்கார வைக்கேன். வேற?

ராஜா: வேற... நம்ம பெரியப்பா மவன் இசக்கிதுரை இருக்கான்ல. அவனும் தாய்மாமன் முறைதானே. தலை நெறைய முடி, வாய் நெறைய பல்லு. போட்டோவுக்கு லெட்சணமா இருப்பான்.

செல்வி: கூடப்பொறந்தவன் நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எனக்கு இரவல் மாமன் எதுக்கு?

ராஜா: கல்லுல கூட பாசி முளைக்கும். என் தலையில...

செல்வி: போதும், போதும். இந்தா, மருமவனப் பிடி. போட் ஜெட்டி பஸ் ஸ்டாப்புலருந்து தூக்கிட்டு வாரேன், கை விட்டுப் போச்சு.

ராஜா: கை ஈரம்.

செல்வி: தொடைச்சுட்டு வாங்கு.

ராஜா: ஐஸ் பிடிச்ச கையிட்டி, புள்ளைக்கு விறைச்சிரும். அந்த வாசப்பக்கம் பெஞ்சுல உக்காரு, கை வலி போயிரும்.

செல்வி: பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவகூட நீ இவனத் தூக்கல. வீட்டுப் படி மிதிக்கல. மட்டாஞ்சேரியிலதான் நீயும் இருக்க, நானும் இருக்கேன். என்னமோ துபாய்ல இருக்குத மாதிரி நடந்துக்கிடுத.

ராஜா: வேலைட்டி.

செல்வி: சரி, வேலை. ஒரு சந்தோச சமாச்சாரம் சொல்லவா? உன் மருமவன் மகாவுக்கு முடி வந்தாச்சு!

ராஜா: ...என்னது?

செல்வி: முடி! காக்கா நிறம். சுருட்டை வேற. எங்க அத்தை திட்டுதாவ, "என்னட்டி இது, எவ்வளவு எண்ணெய் வச்சாலும் குடிச்சிருது"ன்னு.

ராஜா: சத்தியமா?

செல்வி: ...ம்.

ராஜா: சத்தியமான்னு கேட்டா சத்தியம்னு சொல்லணும். ம்முன்னா என்ன அர்த்தம்?

செல்வி: ம்முன்னா ம்முதான்.

ராஜா: குல்லாவக் கழட்டு, பாப்போம்.

செல்வி: ஐயோ, ஐஸ் பிளாண்ட்டுலயா? குளிருமேன்னுதானே மூணாறுல வாங்கின கம்பளிக் குல்லாவ மாட்டிட்டு வந்தேன். சளி பிடிச்சா நீயா வந்து பாப்ப?

ராஜா: காதோரத்துல ரெண்டு முடியாவது எட்டிப் பாக்கணுமே...

செல்வி: உள்ள தள்ளி விட்டிருக்கேன். நெறைய முடின்னா அப்படித்தான்.

ராஜா: ம்... நல்லதுட்டி. ரொம்ப நல்லது. சாஸ்தா கண்ணத் தொறந்துட்டாரு. அப்ப நான் தூரமா இருந்ததுக்குப் பலன் இருக்கு.

செல்வி: என்ன சொன்ன?

ராஜா: ஒண்ணுமில்ல.

செல்வி: தூரமா இருந்ததுக்குப் பலனா?

ராஜா: ஒண்ணுமில்லன்னேன்ல... இஸ்மாயில்க்கா! வாங்க வாங்க! எங்க உங்க மீன் பெட்டி?

இஸ்மாயில்: பெட்டி சைக்கிள்ல இருக்குப்பா. என்ன இன்னைக்கு மீன்காரனுக்கு இவ்வளவு வரவேற்பு? அட, செல்வி மோளா! மோனும் வந்திருக்கானா!

செல்வி: ஆமா இக்கா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். தினமும் மத்தியானம் எங்க வாசல்ல ஒரு ஐஸ் கட்டி வச்சிட்டுப் போறீங்களே. கைப்புள்ள உள்ள வீட்டுக்கு எவ்வளவு உபகாரம் தெரியுமா?

இஸ்மாயில்: நானா? படச்சோனே! என் மீனுக்கே ஐஸ் பத்தல, நான் எங்கயிருந்து உன் வாசல்ல வைக்க?

ராஜா: இக்கா, பெட்டிய எடுத்துட்டு வாங்க, நேரமாச்சு...

இஸ்மாயில்: இருடா. மத்தியானமானா என் சைக்கிள எடுத்துக்கிட்டு, தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு இவன்தான் பறக்குறான். எங்கடான்னு கேட்டா சாயா குடிக்கன்னான். சாயா குடிக்கப் போறவன் எதுக்கு ஐஸ் கட்டியோட போறான்னு நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.

ராஜா: இக்கா!

இஸ்மாயில்: சரி சரி, அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். என் பெட்டிய நானே நெறப்பிக்கிறேன். மோளே, இவன விடாத. முடியப் பிடிச்சு உலுக்க வழியில்ல, காதையாவது பிடிச்சுத் திருகு.

செல்வி: ...சாயா நல்லாருந்துச்சா அண்ணே?

ராஜா: போட்டி அங்குட்டு.

செல்வி: எனக்கு மொத நாளே தெரியும். மீன் பெட்டி ஐஸ்னா கவிச்சி அடிக்கும். இது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சாக்குல சுத்தி, மேல ஒரு பழைய வேட்டியும் சுத்தி... இப்படி ஐஸுக்கு ஸ்வெட்டர் போட உன்னைத் தவிர யாரு இருக்கா?

ராஜா: தெரிஞ்சா வாய மூடிட்டு இருக்க வேண்டியதுதானே. நான் வாசப்படி தாண்டலயே. வெளியதானே வச்சேன்.

செல்வி: அது என்ன கணக்கு, வாசப்படி தாண்டாம...

ராஜா: ஏட்டி, இரு... புள்ள மூஞ்சி என்ன இப்படிச் செவந்து கிடக்கு?

செல்வி: வெயில்ல வந்தோம்ல. அந்தச் சூடு.

ராஜா: வந்து எவ்வளவு நேரமாச்சு! இன்னும் தணியல பாரு. மூச்சு ஏறி ஏறி இறங்குது. உதடு காஞ்சிருக்கு. குல்லாவக் கழட்டு.

செல்வி: குளிரு அண்ணே...

ராஜா: நீ வாசல்ல உக்காந்திருக்கட்டி, உள்ள இல்ல! கம்பளி! வேகுதுட்டி அவனுக்கு! குடு... இங்க குடு அவன! அந்தக் குழாயத் தொற. ஐஸ் தண்ணி வேண்டாம், குழாத்தண்ணி போதும். துண்ட நனைச்சுக் குடு. பிழியாத, அப்படியே குடு... கழுத்துக்கு... அக்குளுக்கு... ஆங், அவ்வளவுதான்டா. அவ்வளவுதான். மாமன் இருக்கேன்லா? மாமன் இருக்கேன்லா? விசிறுட்டி, என்ன பாத்துட்டு நிக்க!

செல்வி: விசிறுதேன், விசிறுதேன்... அண்ணே, ஒண்ணுமில்லல்ல?

ராஜா: ஒண்ணுமில்ல. மூச்சு இறங்கிட்டு. பாரு, சிரிக்கான் களவாணி. என் தொப்பியப் பிடிச்சு இழுக்கான்.

செல்வி: மொதல்லயே கழட்டியிருப்பேன். நான் சொன்ன பொய் வெளிய வந்துருமேன்னு... என் பொய்க்கு எம்புள்ளைய வேக வச்சுட்டேனே, பாவி.

ராஜா: ...முடி எங்கட்டி?

செல்வி: இல்ல.

ராஜா: சுருட்டைன்ன. காக்கா நிறம்ன.

செல்வி: முடி வந்துட்டுன்னு சொன்னாத்தான் நீ கிட்ட வருவன்னு நெனச்சேன். நீயா எப்ப வருவன்னு பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சுண்ணே.

ராஜா: ஐயோ... தொட்டுட்டேனே. தொட்டுட்டேனே செல்வி. இந்தா, பிடி அவன!

செல்வி: பிடிக்க மாட்டேன். தொட்டா என்ன?

ராஜா: முடி வாற வரைக்கும் இவனத் தொடுறதில்ல, வீட்டுப்படி மிதிக்கிறதில்லன்னு சாஸ்தாவுக்கு நேந்திருந்தேன்ட்டி. ஏழெட்டு மாசமாகியும் புள்ள தலை வழுவழுன்னு கிடக்கேன்னு பொங்கலன்னைக்கு உன் வீட்டுல எல்லாரும் பேசினீங்கல்ல... நான்தான தினமும் தூக்கி வச்சுக் கொஞ்சினேன், தலையில முத்தம் குடுத்தேன். என் பீடை அவனுக்கும் ஒட்டிட்டோன்னு...

செல்வி: லூசு அண்ணே! இது என்ன சொறியா செரங்கா, ஒட்டுறதுக்கு?

ராஜா: பின்ன எப்படி வந்துச்சாம்? உன் மாப்ள தலை தேங்கா நார் மாதிரி அடர்த்தி.

செல்வி: சொல்லுதேன், கேளு. நடுவுல பேசக்கூடாது.

ராஜா: பேசல.

செல்வி: போன மாசம் இவனுக்குக் காய்ச்சல்னு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன்ல. மருந்துக்கு இறங்கல, ஈரத்துணிக்கு இறங்குச்சு. அங்க மாளவிகான்னு ஒரு டாக்டரம்மா. பாலக்காட்டுத் தமிழு. இவன் ஈறுல மொளைக்கிற பல்லப் பாத்தாவ. கூரா, ஆணி மாதிரி. உடனே கேட்டாவ, "உங்க வீட்டுல வேற யாருக்காவது வேர்க்காம, முடி இல்லாம, பல்லு கம்மியா இருக்கா"ன்னு. நான் சொன்னேன்...

ராஜா: எங்கண்ணன்னு சொல்லியிருப்ப.

செல்வி: நடுவுல பேசாதன்னேன்ல! ஆமா, அப்படித்தான் சொன்னேன். அவுங்களுக்கு ஒரே ஆச்சரியம், நேர்ல பாத்த மாதிரி உன்னப் பத்திச் சொல்லுதாவ. முடி எல்லாம் பொறந்த பெறவு முளைக்கிறது இல்லையாம். வயித்துக்குள்ள இருக்கும்போதே தோல்ல சின்னச் சின்னக் குழி தோண்டணுமாம். இங்க தோண்டு, அங்க தோண்டுன்னு ஒரு சேதி போகுமாம். அந்தச் சேதி போய்ச் சேரலன்னா குழி கிடையாது. குழி இல்லன்னா முடி கிடையாது. பொறந்தப்புறம் புதுசா ஒரு குழிகூட வராதாம்.

ராஜா: பல்லு?

செல்வி: பல்லுக்கும் அதே சேதிதான். வேர்வைக்கும் அதேதான்.

ராஜா: ஓ... மெயின் லைன்ல கரண்டு போன வீடு மாதிரி. பல்பும் எரியாது, ஃபேனும் சுத்தாது.

செல்வி: அதான், அதேதான். மனுசனுக்கு மட்டுமில்ல, எலிக்கும் மாட்டுக்கும்கூட இதே சேதிதானாம். முடியில்லாத கன்னுக்குட்டி பொறக்குமாம். நீ கையில வச்சிருக்கியே அந்தக் குல்லா, அந்தக் கம்பளி ஆட்டுக்கு எத்தன குழின்னும் தாய் வயித்துலயே முடிவாயிருமாம்.

ராஜா: ஆட்டுக்குச் சேதி ஒழுங்காப் போயிருக்கு. எனக்குத்தான் நடுவழியில எவனோ... சரி, எனக்குப் போகல. இவனுக்கு ஏன் போகல? அதச் சொல்லு.

செல்வி: ...அது என் வழியா வந்ததுண்ணே.

ராஜா: உனக்கு என்ன? உனக்குத்தான் முடி இருக்கே. வேர்க்குமே.

செல்வி: பொம்பளைக்கு அந்தச் சேதி ரெண்டு இருக்குமாம். எனக்கு ஒண்ணு நல்லது, ஒண்ணு கோளாறு. ஒரு இடத்துல நல்லது வேலை செய்யும், இன்னொரு இடத்துல கோளாறு. ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது கோளாறுன்னா முழுசும் கோளாறு. நான் எதக் குடுப்பேன்னு யாருக்கும் தெரியாது, பூவா தலையாதான். இவனுக்குக் கோளாறுள்ளது போயிருச்சு.

ராஜா: டாக்டரம்மா சும்மா வாயாலயே சொல்லிட்டாவளா?

செல்வி: ரத்தமும் எடுத்துப் பாத்தாச்சு. அதுக்கு முன்னாடியே கண்ணால காட்டிட்டாவ. என் முதுகுல அயோடின் தடவி, மேல மாவத் தூவி, சூடான ரூம்ல உக்கார வச்சாவ. வேர்க்குற இடம் எல்லாம் கருத்துப் போச்சு. வேர்க்காத இடம் அப்படியே இருந்துச்சு. முதுகுத்தண்டுலருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு வளைஞ்சு வெள்ளைக் கோடு. போட்டோ எடுத்துக் காட்டினாவ. அண்ணே... அந்த வெள்ளைக் கோடெல்லாம் நீதான்.

ராஜா: என்னட்டி சொல்லுத...

செல்வி: இத்தன வருசமா உன்ன என் முதுகுல தூக்கிட்டுத்தான் திரிஞ்சிருக்கேன். எனக்கே தெரியல.

ராஜா: அழாதட்டி. நீ அழுதா இவனும் உதட்டப் பிதுக்குதான் பாரு. அப்ப... நம்ம அம்மை?

செல்வி: அம்மைக்கும் முன்பல்லு ரெண்டு கிடையாதுல்லா? முடியும் எலிவாலுதானே?

ராஜா: கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தேன், அதான் எம்புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே கிடந்தாளே.

செல்வி: அவ முதுக யாரு பாத்தா? பாத்திருந்தா அந்தக் கிரகணத்த அவ அன்னைக்கே விட்டிருப்பா.

ராஜா: ...உன் மாமியாளுக்குத் தெரியுமா?

செல்வி: சொல்லிட்டேன். ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. பெறவு ஒரு மத்தியானம் அவியளே துண்ட நனைச்சு இவன் மேல போட்டுட்டு, "போய் உங்கண்ணனக் கூட்டிட்டு வா. இந்த உடம்ப வச்சுக்கிட்டு அவன் எப்படி ஆளானான்னு அவன்தான் சொல்லணும்"ன்னாவ.

ராஜா: மாயம்மாளா? மாயம்மா அத்தையா சொன்னாவ?

செல்வி: அவியளேதான். "மாமன் மடியில இல்லாம வேற எவன் மடியில மொட்டை"ன்னு கேட்டாவ.

ராஜா: மொட்டை போட என்ன இருக்குட்டி இங்க? அம்பட்டன் கத்திய வச்சா வழுக்கிட்டுப் போகும்.

செல்வி: பிடரியில நாலு பூனைமுடி இருக்கு. அந்த நாலும் சாஸ்தாவுக்குத்தான். சாஸ்தா என்ன எடை போட்டா வாங்குதாரு?

ராஜா: ம்... ஆனா நான் வர முடியாது செல்வி.

செல்வி: இன்னுமா! இப்ப என்ன?

ராஜா: நீ சொன்னது எல்லாம் சரி. சேதி, கோடு, எல்லாம் சரி. ஆனா எனக்குத் தெரியும், நான்தான் காரணம்.

செல்வி: அண்ணே...

ராஜா: உன் வளைகாப்பு அன்னைக்கு. எல்லாரும் உனக்கு வளையல் போட்டுட்டு நின்னாவ. நான் மூலையில நின்னு... வேண்டிக்கிட்டேன்ட்டி.

செல்வி: என்னன்னு?

ராஜா: என் சாயல்ல ஒரு மனுசன நான் பாத்ததே இல்ல. பஸ்ஸுல ஏறினா பாப்பேன், போட்டுல பாப்பேன், மட்டாஞ்சேரிச் சந்தையில கூட்டத்துல பாப்பேன். எங்கயாவது இன்னொருத்தன் இருப்பானான்னு. ஒருத்தன்கூட இல்ல. அன்னைக்கு உன் வயித்தப் பாத்ததும்... என்னை மாதிரி ஒருத்தன் வரட்டுமேன்னு மனசு கேட்டுட்டு. கேட்ட மறுநிமிசமே கன்னத்துல போட்டுக்கிட்டேன். வேண்டாம் சாமி, தப்பாக் கேட்டுட்டேன்னு சொன்னேன். ஆனா கேட்டது கேட்டதுதானே. இவன் வெயில்ல துடிக்கும்போதெல்லாம்... என்னட்டி சிரிக்க?

செல்வி: சிரிக்காம? நீ எந்த மாசம் கேட்ட?

ராஜா: வளைகாப்புன்னா ஏழாம் மாசம்தானே.

செல்வி: குழி தோண்டுறது மூணாம் மாசமே தொடங்கிருமாம். தலைக்கு அஞ்சாம் மாசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிருமாம். தோண்டுறவங்க மம்பட்டியக் கழுவி வச்சிட்டு வீட்டுக்குப் போன பெறவு, நீ போய் மனு குடுத்திருக்க!

ராஜா: ...லேட்டா?

செல்வி: ரொம்ப லேட்டு. உன் மனுவ சாஸ்தா பிரிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாரு.

ராஜா: அப்ப அவரு என் பேச்சக் கேக்கலயா... ச்சே. ஒரு பக்கம் நிம்மதியாவும் இருக்கு, ஒரு பக்கம் கோவமாவும் இருக்குட்டி.

செல்வி: கோவத்த அங்க வந்து அவருகிட்டயே காட்டு. மடிய மட்டும் எனக்குக் குடு.

ராஜா: தாரேன். வாரேன். பெரிய தெர்மோகோல் பெட்டியில ஐஸ் கட்டி எடுத்துக்கிடலாம். ரயில்லயும் ஆச்சு, கோயில்லயும் ஆச்சு. ரெண்டு பேரும் ஈரக்கோழி மாதிரி உக்காந்திருக்கோம். என்னடா மருமவனே? ரெண்டு மொட்டையும் ஒரே போட்டோவுல... பாருட்டி, தூங்கிட்டான்.

செல்வி: உன் கை குளிர்ச்சியா இருக்குல்லா. எங்கிட்ட இப்படித் தூங்க மாட்டான்.

ராஜா: செல்வி... ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். டாக்டரம்மா சொன்னப்ப நீ ரொம்ப அழுதியா?

செல்வி: அழுதேன். ஆனா நீ நெனைக்கிற அழுகை இல்லண்ணே அது. என் கல்யாணத்தன்னைக்கு நீ ஒரு குடத்துத் தண்ணிய உச்சந்தலையில ஊத்திக்கிட்டு, பந்தல் வாசல்ல உச்சிவெயில்ல நின்னு, வந்தவங்க ஒருத்தர் விடாம வாங்க வாங்கன்னு கும்பிட்டுட்டு நின்ன. பொக்கப்பல்லுன்னு பண்ணின கேலியெல்லாம் காதுல விழுந்தும் சிரிச்சிட்டே நின்ன. தாலி ஏறும்போது நான் உன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். "சாஸ்தா, எனக்கு ஒரு புள்ளையக் குடுத்தா எங்கண்ணன மாதிரியே குடு"ன்னு உனக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்.